மேகம் மூடிய நாட்கள்

அன்புள்ள அக்கா,

பூம்பாறையில் பூண்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். காலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். நாலாம் நாள் களையெடுக்க ஆள் வரவில்லை, நானே இறங்கவேண்டியதாயிற்று. அதோடு அட்டவணை போயிற்று. இது ஐந்தாவது முறை. 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். எனக்கு ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. ஒழுங்கு என் இயல்பிலேயே இல்லையோ?

ஒரு வாசகி, பூம்பாறை

அன்புள்ள தங்கைக்கு,

பருவம் தவறாமல் பூண்டு ஊன்றிப் பிடுங்குகிற கைக்கு ஒழுங்கு தெரியாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அந்த 21 நாள் கணக்கை முதலில் விடுங்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு செயலை எடுத்துக்கொண்டு, காலை உணவுக்குப் பின் என்பதுபோல அன்றாடம் நடக்கும் ஒன்றோடு அதைச் சேர்த்துக்கொண்டார்கள். அது யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாறும் காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணித்தார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் கண்டார்கள். உங்களுக்கு வேண்டியது இந்தக் கடைசிச் செய்திதான்.

நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். 1904 முதல் அங்கே நாள்தோறும் சூரியனைப் படம் எடுத்துவருகிறார்கள். காலையில்தான் அதற்கு நல்ல நேரம். நிலம் சூடேறிக் காற்று அலைபாயத் தொடங்கினால் படம் தெளிவாக விழாது. மேகம் மூடிய நாளுக்குப் படமே கிடையாது. இந்த மலையில் அப்படி எத்தனை நாட்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இத்தனை நாட்கள் விட்டுப்போயும், அந்தக் கண்ணாடித் தகடுகளை வைத்துத்தான் நூறாண்டுக் காலச் சூரியப் புள்ளிகளை இன்றும் ஆராய்கிறார்கள். மேகம் விலகிய மறுநாள் யாரோ ஒருவர் மீண்டும் தொலைநோக்கியருகே வந்து நின்றிருக்கிறார்.

நீங்கள் நாலாம் நாள் தோற்கவில்லை. ஐந்தாம் நாள் வராமல் இருந்துவிட்டீர்கள்.

பொருட்களின் ஒழுங்கு எனக்கு வேறு வழியில் வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்கு மதுரையில் இருதய மருத்துவரைப் பார்க்க நாள் குறித்திருந்தது. விடியற்காலை பஸ். பழைய பரிசோதனை அறிக்கையைக் காணோம். பீரோ, அலமாரி, அரிசி டிரம்முக்குப் பின்புறம் என்று தேடி எடுப்பதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் வத்தலக்குண்டு இறங்கி மதுரை சேர்ந்தபோது மருத்துவர் கிளம்பியிருந்தார். அப்பா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. மருத்துவமனைப் படிக்கட்டில் மப்ளரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்ததும் ஒரு தகரப்பெட்டி வாங்கினேன். அன்று முதல் மருத்துவக் காகிதம் எது வந்தாலும், செருப்பைக் கழற்றிய கையோடு அது பெட்டிக்குள் போய்விடும். இதற்கு நான் மணி பார்ப்பதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவதே எனக்கு நினைவூட்டல்.

உங்கள் படிப்பையும் அப்படி ஒன்றில் மாட்டிவிடுங்கள். மார்கழிக் குளிரில் பூம்பாறையில் 4 மணிக்கு எழுந்து கணக்குப் போடு என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை. காலைத் தேநீர் குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும், தோட்டத்துக்கு இறங்குமுன் அரைமணி நேரம், ஒரே ஒரு பாடம், இப்போதைக்கு அவ்வளவு போதும். மற்றதை இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம். எந்தப் பக்கம் என்று முதல்நாள் இரவே அடையாளம் வைத்துவிடுங்கள். காலையில் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால் அதிலேயே பத்து நிமிடம் கரைந்துவிடும்.

படிக்க முடியாத நாளன்று நாட்காட்டியில் காரணத்தை எழுதுங்கள்: களை, காய்ச்சல், திருவிழா. உங்கள் நேரத்தைத் தோட்டம் எந்த வாரங்களில் கேட்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். அந்த வாரங்களுக்குப் பழைய வினாத்தாளைத் திருப்பிப் பார்ப்பதுபோல இலேசான வேலையை ஒதுக்கிக்கொள்ளலாம்.

சுவரில் இருக்கும் அட்டவணையை இன்றே எடுத்துவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து எழுதுங்கள். எத்தனை நாள் படித்தீர்கள் என்பதோடு, எத்தனை நாள் ‘களை’ என்று எழுதினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா