ஐந்து வயதுக் குழந்தைக்கு அறிவியல் வகுப்பு

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. எங்கள் பகுதியில் வார இறுதிகளில் சிறு குழந்தைகளுக்கான செய்முறை அறிவியல் வகுப்பு நடத்துகிறார்கள். முதல் நாள் சமையல் சோடாவும் வினிகரும் கலந்து ‘எரிமலை’ பொங்குவதைக் காட்டினார்கள். கட்டணம் அதிகம். தொடர்ந்து அனுப்பலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வினிகரை ஊற்றியது யார் என்று முதலில் மகளிடம் கேளுங்கள். ஆசிரியர் ஊற்ற, பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கைதட்டியிருந்தால், அதற்கு அவ்வளவு பணம் கொடுக்கத் தேவையில்லை. அதே சோடாவை ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்து, தண்ணீர், எலுமிச்சைச் சாறு, புளித்த மோர், எண்ணெய் என ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்க்கவிட்டு, பொங்கியவற்றையும் பொங்காதவற்றையும் பிள்ளைகளையே பிரித்து வைக்கச் சொல்லும் ஆசிரியராக இருந்தால் தாராளமாக அனுப்பலாம். அப்படிப் பொங்கவைக்கும் வாயுவுக்குக் கார்பன் டை ஆக்சைடு என்ற பெயர் உண்டென்பது இந்த வயதில் தெரிய வேண்டியதில்லை. புளிப்பாக இருப்பவைதான் பொங்குகின்றன என்று குழந்தை தானாகச் சொன்னால், அதைவிட நல்ல பாடம் வேறில்லை.

விலை உயர்ந்த கருவிகளைக் கண்டு மயங்க வேண்டாம். 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், கிராமத்துப் பிள்ளைகள் எளிய பொருள்களைக் கொண்டே சோதனை செய்து கற்க முடியும் என்பதைச் சுமார் 30 ஆண்டுகள் நடத்திக் காட்டியது.

இன்னொன்றையும் விசாரியுங்கள்: ஒரே உயிரைப் பல நாள் தொடர்ந்து கவனிக்க வைக்கிறார்களா? என்னைக் கேட்டால், சிறு குழந்தைகளுக்கு இதுவே முதன்மையானது. வாரத்துக்கு ஒரு புது வித்தை காட்டும் வகுப்புகளில் இதற்கு இடமே இருப்பதில்லை. அங்கு இல்லையென்றால் வீட்டிலேயே செய்யலாம். கறிவேப்பிலைச் செடியின் தளிரில் வண்ணத்துப்பூச்சி இட்ட, கடுகைப் போன்ற வெளிர்மஞ்சள் முட்டை இருக்கிறதா என்று மகளைத் தேடச் சொல்லுங்கள். அதிலிருந்து வரும் புழு முதலில் பறவையின் எச்சம்போலக் கருமையும் வெண்மையுமாகத் தோன்றுவதால் பறவைகளின் கண்ணுக்குத் தப்புகிறது. வளர்ந்தபின் இலையின் பச்சைக்கு மாறிவிடுகிறது. மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற சிறு கொம்பை நீட்டி நெடியடிக்கும். பிறகு கூட்டுப்புழுவாகித் தன்னை ஒரு பட்டு இழையால் தண்டோடு கட்டிக்கொள்ளும். முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரை ஏறத்தாழ ஒரு மாதம் ஆகலாம். அன்றன்று கண்டதைக் குழந்தை படமாக வரையட்டும். நிறம் தப்பாக இருந்தாலும் திருத்தாமல், நாளை மறுபடி பார்க்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

புழுவைச் செடியிலேயே விட்டுப் பார்ப்பது நல்லது. கண்ணாடிப் புட்டியில் வளர்ப்பதானால் வாயை வலைத்துணியால் கட்டி, நாள்தோறும் உங்கள் செடியின் இலையையே மாற்றிப் போடுங்கள். கடையில் வாங்கும் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து தங்கியிருந்தால் புழு செத்துவிடும்.