‘ஆபத்தற்ற சரக்கு’ என்று கையெழுத்திடலாமா?

கேள்வி: நாங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே, கரைப்பான் கலந்த ரப்பர் பசை தயாரிக்கும் சிறு நிறுவனம். பசையில் டொலுவீன் 35 விழுக்காடும் எத்தில் அசிட்டேட் 25 விழுக்காடும் உள்ளன. சென்ற ஆண்டு 200 லிட்டர் டிரம்களில் மொத்தம் 18 டன் பசையை ஒன்றியத்தில் உள்ள ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பினோம். ரீச் எனப்படும் ஒன்றியத்தின் இரசாயனப் பொருள் சட்டத்தின்படி பதிவு எண் இல்லாமல் இனி வாங்க முடியாது என்று அவர்கள் இப்போது சொல்கிறார்கள். எங்களுக்கு டொலுவீன் விற்பவரோ, அது ஐரோப்பாவில் ஏற்கெனவே பதிவான பொருள்தான் என்கிறார். இதற்கிடையில், கடைசியாக அனுப்பிய சரக்கு, ஆவணங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று துறைமுகத்திலேயே நிற்கிறது. அடுத்த முறை 1 லிட்டர் டப்பாக்களில் அடைத்துச் சில்லறைக் கடைகளுக்கு அனுப்பலாம், ‘ஆபத்தற்ற சரக்கு’ என்று கையெழுத்திட்டால் போதும் என்று சரக்கு முகவர் யோசனை சொல்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதில்தான் திரும்பப் பெற முடியாத தவறு நேரக்கூடும். அந்த வாசகத்தில் கையெழுத்திடாதீர்கள். டப்பா சிறியதாக இருப்பதால் பசையின் இயல்பு மாறிவிடுவதில்லை. தீப்பற்றும் திரவம் கலந்த பசைகளுக்கு ஐ.நா. எண் 1133 உண்டு. அது 3ஆம் வகுப்பு, அதாவது தீப்பற்றும் திரவச் சரக்கு. கடல் வழிப் போக்குவரத்துக்கான ஐஎம்டிஜி விதித்தொகுப்பு, 2004 ஜனவரி 1 முதல் சோலாஸ் எனப்படும் கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையின்கீழ் கட்டாயமாக்கப்பட்டது. சிறு கொள்கலன்களுக்கு அது தரும் சலுகையின் பெயர் ‘வரையறுக்கப்பட்ட அளவு’. உங்கள் பசை பேக்கிங் குரூப் 2இல் (ஆபத்தின் கடுமையைக் காட்டும் பிரிவு; 1 மிகக் கடுமையானது, 3 குறைந்தது) அமைந்தாலும் உள் டப்பா 5 லிட்டர் வரையும், வெளிப் பெட்டியின் மொத்த எடை 30 கிலோ வரையும் இருக்கலாம். பெட்டியின் மேல் அதற்குரிய சாய்சதுரக் குறி இருக்க வேண்டும். ஆனால் கடல் வழியில் ஆபத்தான சரக்கு அறிவிப்பு அப்போதும் தேவை. வரையறுக்கப்பட்ட அளவு என்ற குறிப்போடு அது அளிக்கப்பட வேண்டும், அவ்வளவே. சலுகை பெறுவது வேறு, ஆபத்தில்லை என்று சொல்வது வேறு.

அந்தக் கையெழுத்தின் விலையையும் தெரிந்துகொள்ளுங்கள். கப்பல் சரக்கு ஒப்பந்தங்களில் பரவலாகச் சேர்க்கப்படும் 1924ஆம் ஆண்டின் ஹேக் விதிகளில் 4ஆம் பிரிவின் 6ஆம் விதி, இயல்பு தெரியாமல் ஏற்றப்பட்ட அபாயகரமான சரக்கை இழப்பீடு ஏதுமின்றி இறக்கவும் அழிக்கவும் கப்பல்காரருக்கு உரிமை தருகிறது. அதனால் எழும் சேதத்தையும் செலவையும் அனுப்பியவர் மேல் சுமத்துகிறது. எங்களுக்கே தெரியாது என்று அனுப்பியவர் சொன்னால் தப்பலாமா என்ற கேள்வி ‘ஜியானிஸ் என்கே’ என்ற கப்பலின் வழக்கில் பிரிட்டனின் பிரபுக்கள் அவை வரை போயிற்று. அங்கே சரக்கு வெறும் நிலக்கடலைப் பிண்ணாக்கு. அதில் ஒருவகை வண்டு இருந்தது அனுப்பியவருக்குத் தெரியாது. தெரியாமை விலக்காகாது என்றே 1998இல் தீர்ப்பு வந்தது. அறியாமல் செய்தவருக்கே அந்த நிலை என்றால், டொலுவீன் கலந்த பசையை அறிந்தே மறைத்து அறிவிப்பவருக்கு எந்த வாதமும் மிஞ்சாது. அதோடு, சரக்கைத் தளத்தில் எங்கே அடுக்குவது, தீப்பிடித்தால் எதைக்கொண்டு அணைப்பது என்று கப்பல் ஊழியர்கள் தீர்மானிப்பது நீங்கள் எழுதித் தரும் அந்தத் தாளை நம்பித்தான். எனக்குச் சட்டத்தைவிட இது பெரிதாகப் படுகிறது.

இந்தச் சில்லறைத் திட்டத்தில் இன்னொரு தடையும் இருக்கிறது. முகவர் அதைக் கவனிக்கவில்லை. ரீச் ஒழுங்குவிதியின் 17ஆம் இணைப்பில் 48ஆம் உருப்படி, பொதுமக்களுக்கு விற்கப்படும் பசைகளில் டொலுவீன் எடையில் 0.1 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கக்கூடாது என்கிறது. உங்கள் பசையில் இருப்பது 35 விழுக்காடு. எனவே ஒன்றியத்தின் சில்லறைக் கடைகளுக்கு இந்தக் கலவையை எந்த அளவு டப்பாவிலும் அனுப்ப முடியாது. கலவையையே மாற்றினால்தான் வழி. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு டிரம்மில் விற்பதற்கு இந்தத் தடை பொருந்தாது.

இனி, துறைமுகத்தில் நிற்கும் சரக்கு. நீங்கள் இணைத்திருந்த பாதுகாப்புத் தரவுத் தாளின் 9ஆம் பகுதியில், ஃபிளாஷ் பாயிண்ட் எனப்படும் தீப்பற்று வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் என்று உள்ளது. அதே தாளின் 14ஆம் பகுதி பேக்கிங் குரூப் 3 என்கிறது. கப்பல் அறிவிப்பிலோ பேக்கிங் குரூப் 3 என்பதோடு தீப்பற்று வெப்பநிலை 25 டிகிரி என்று யாரோ நிரப்பியிருக்கிறார்கள். குரூப்புக்குப் பொருந்துமாறு எண்ணைத் திருத்தியது போலத் தெரிகிறது. தீப்பற்று வெப்பநிலை 23 டிகிரிக்குக் கீழும் கொதிநிலை 35 டிகிரிக்கு மேலும் இருந்தால் பொது விதிப்படி அது பேக்கிங் குரூப் 2. ஆயினும் பசை போன்ற பாகுத்தன்மை மிகுந்த திரவங்களுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது: ஓட்ட நேரம், கரைப்பான் பிரிதல் ஆகிய சோதனைகளில் தேறினால், 450 லிட்டருக்கு மேற்படாத கொள்கலன்களில் குரூப் 3 ஆக அனுப்பலாம். உங்களிடம் அந்தச் சோதனை அறிக்கை இருந்தால், 1 டிகிரி என்ற உண்மையான எண்ணோடு அறிவிப்பைத் திருத்தி, அறிக்கையையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் குரூப் 2 என்று மாற்றுங்கள். ஆனால் அதற்கு முன் டிரம்மில் பொறித்துள்ள ஐ.நா. குறியைப் பாருங்கள். அதில் இசட் எழுத்து இருந்தால் அந்த டிரம் குரூப் 3க்கு மட்டுமே உரியது. ஒய் அல்லது எக்ஸ் இருந்தால்தான் குரூப் 2 சரக்கை அதில் அனுப்பலாம். தரவுத் தாளையும் அன்றே திருத்துங்கள், ஏனெனில் தவறு அங்கிருந்துதான் தொடங்கியது.

லேபிள் வேறு சட்டம். ஒன்றியத்தில் அதை ஆள்வது 2008ஆம் ஆண்டின் 1272ஆம் எண் ஒழுங்குவிதி. சிஎல்பி என்று அழைக்கப்படுவது. போக்குவரத்தில் குரூப் 3 சலுகை கிடைத்தாலும் இங்கே அது எடுபடாது. 1 டிகிரியில் தீப்பற்றும் திரவம் இந்த விதியில் தீப்பற்றும் திரவங்களின் 2ஆம் பிரிவுதான். ‘அபாயம்’ என்ற எச்சரிக்கைச் சொல்லோடு, கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யலாம் என்ற டொலுவீனுக்கு உரிய ஐயக் குறிப்பும் லேபிளில் வர வேண்டும். போக்குவரத்து லேபிள் இந்த உடல்நலத் தீங்கைச் சொல்வதே இல்லை; ஆகவே ஒன்றை ஒட்டிவிட்டு மற்றொன்றை விட்டுவிட இயலாது. 200 லிட்டர் டிரம்மில் சிஎல்பி லேபிள் 105க்கு 148 மில்லிமீட்டர் அளவிலும், அதிலுள்ள சிவப்பு விளிம்புச் சித்திரங்கள் ஒவ்வொன்றும் 32க்கு 32 மில்லிமீட்டர் அளவிலும் இருக்க வேண்டும். போக்குவரத்துச் சாய்சதுரமோ பக்கத்துக்கு 100 மில்லிமீட்டர். போக்குவரத்து லேபிளில் தீச்சுடர் ஏற்கெனவே இருப்பதால் சிஎல்பி லேபிளில் அந்த ஒரு சித்திரத்தை மட்டும் விடலாம். மொழி, சரக்கு விற்பனைக்குப் போகும் நாட்டின் ஆட்சிமொழியாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்ட உங்கள் லேபிள், ஆங்கிலம் ஆட்சிமொழியல்லாத நாட்டில் செல்லாது. பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை ஒன்றியத்துக்குள் இருக்கும் வழங்குநருடையவையாக இருக்கட்டும். நச்சு பாதிப்புக்கு அவசர ஆலோசனை தரும் நச்சு மையங்களுக்கான அறிவிப்பையும் அதற்குரிய 16 எழுத்துக் குறியீட்டையும் இறக்குமதியாளர் கவனிக்க வேண்டும். தொழிற்சாலைப் பயன்பாட்டுக் கலவைகளுக்கும் 2024 ஜனவரி 1 முதல் அது பொருந்துகிறது.

பதிவு எண்ணைப் பற்றிய குழப்பம் உங்களுக்கு மட்டும் உரியதல்ல. 2006ஆம் ஆண்டின் 1907ஆம் எண் ஒழுங்குவிதியான ரீச்சில் பசை பதிவாவதில்லை, அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் தனித்தனியாகப் பதிவாகிறது. அதுவும் ஒரு நாட்காட்டி ஆண்டில் 1 டன் எட்டினால் மட்டும். உங்கள் 18 டன்னில் டொலுவீன் 6.3 டன், எத்தில் அசிட்டேட் 4.5 டன், இரண்டுக்கும் பதிவு வேண்டும். 1 விழுக்காடு சேர்க்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் 180 கிலோதான். அந்த இறக்குமதியாளர் அதே பொருளை வேறு இடங்களிலிருந்தும் வாங்கி மொத்தம் 1 டன்னைத் தொடாதவரை அதற்குத் தேவையில்லை. ரப்பர் பாலிமர் என்பதால் அதற்குப் பதிவு விலக்கு உண்டு, ஆனால் அதன் மோனோமருக்கு, அதாவது பாலிமர் உருவாகும் அடிப்படைப் பொருளுக்கு, இல்லை; இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

‘ஏற்கெனவே பதிவான பொருள்’ என்ற உங்கள் விற்பனையாளரின் சொல் உண்மையாக இருக்கலாம், ஆனால் பதிவு பொருளுக்குச் சொந்தமானதல்ல, பதிந்த நிறுவனத்துக்குச் சொந்தமானது. அது உங்களுக்குப் பயன்பட வேண்டுமானால், டொலுவீன் தயாரிப்பாளர் ஒன்றியத்தில் தனக்கென ‘ஒரே பிரதிநிதி’யை (வெளிநாட்டுத் தயாரிப்பாளரின் சார்பில் பதிவுக் கடமைகளை ஏற்பவரை) நியமித்திருக்க வேண்டும், உங்கள் பசையின் வழியாகப் போகும் டன் அளவும் தன் பதிவில் அடங்கும் என்று அந்தப் பிரதிநிதி எழுத்தில் உறுதி தர வேண்டும். அந்தக் கடிதம் கிடைத்தால் டொலுவீன் விஷயம் அன்றோடு முடிந்தது. கிடைக்காவிட்டால் ரீச்சின் 8ஆம் பிரிவின்படி நீங்களே ஒரே பிரதிநிதியை நியமிக்கலாம். ஒன்றியத்துக்கு வெளியிலிருக்கும் நீங்கள் நேரடியாகப் பதிவு செய்ய இயலாது. அல்லது வாடிக்கையாளரே இறக்குமதியாளராகப் பதிவு செய்யலாம்.

இரண்டில் நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது பிரதிநிதி வழியைத்தான். வாடிக்கையாளர் பதிவு செய்தால் உங்கள் கலவையின் முழு விவரத்தையும் அவரிடம் கொடுக்க நேரும், பதிவும் அவர் கையில் இருக்கும். நாளை வேறொருவருக்கு விற்க நினைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிரதிநிதி இருந்தால் கலவை இரகசியம் அவரோடு நிற்கும், வாடிக்கையாளர் சட்டப்படி கீழ்நிலைப் பயனராக, அதாவது பதிவுக் கடமை இல்லாமல் பொருளைப் பயன்படுத்துபவராகக் கருதப்படுவார். அந்த ஒப்பந்தத்தில் ஒரு பத்தியை மட்டும் விடாமல் சேருங்கள்: நீங்கள் பிரதிநிதியை மாற்ற விரும்பினால், பழையவர் பதிவைப் புதியவருக்கு மாற்றித் தர மறுக்கக்கூடாது. அதே போல, வாடிக்கையாளர் உங்களுக்கு அனுப்பியுள்ள ஒப்பந்த வரைவில் ‘ரீச் தொடர்பான எல்லாக் கடமைகளுக்கும் விற்பவரே பொறுப்பு’ என்ற வரி இருக்கிறது. அதை அப்படியே ஏற்காதீர்கள். லேபிளின் மொழி, நச்சு மைய அறிவிப்பு ஆகியவை அவருடைய கடமை என்று எழுதிச் சேர்த்து, உங்கள் பொறுப்பை, பதிவுக்கும் தரவுத் தாளின் உண்மைத்தன்மைக்கும் மட்டும் வரையறுத்து வரைவைத் திருப்பி அனுப்புங்கள்.