ஜவ்வரிசி ஆலை மாடலில் சொத்துப் பக்கம் 4.20 கோடி அதிகம் காட்டினால்

உங்கள் நிதி மாடலில் (லாபம், ரொக்கம், சொத்து-கடன் நிலை மூன்றையும் இணைக்கும் விரிதாள் கணக்கில்) சொத்துப் பக்கம், கடனும் முதலும் உள்ள பக்கத்தைவிட 4.20 கோடி அதிகம் காட்டுகிறது, பிழை எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 4.20 கோடியைப் பாதியாக்குங்கள்: 2.10 கோடி. கோடைப் பயிற்சிக்காக நீங்கள் எடுத்திருக்கும் சேலம் ஜவ்வரிசி ஆலையின் கணக்கில் சரக்கு இருப்பு 3.10 கோடியிலிருந்து 5.20 கோடியாக ஏறியிருக்கிறது. அதே 2.10. பணப்புழக்கத் தாளில் கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. அப்படிக் கூட்டினால் பிழை அந்தத் தொகையைப் போல இரு மடங்காகும்; பாதியாக்கச் சொன்னது அதனால்தான்.

ஆலையை நினைத்துப் பாருங்கள். மரவள்ளிக் கிழங்கு வாங்கி, அரைத்து, மூட்டை கட்டி, நல்ல விலைக்குக் காத்திருக்கிறார்கள். மார்ச் 31 அன்று கிடங்கில் மூட்டை நிறைந்திருந்தால் அவ்வளவு காசும் அதில் முடங்கியிருக்கிறது. லாபம் இருக்கும், ரொக்கம் இருக்காது. கிழங்குக்காரருக்குத் தர வேண்டிய பாக்கி கூடினால் நேர்மாறு: அந்த ரொக்கம் இன்னும் ஆலையின் கையில் இருக்கும்.

பணப்புழக்கத் தாளில் சரக்கு இருப்பு மாற்றத்தைக் காட்டும் கட்டத்தின் கூட்டல் குறியை மட்டும் கழித்தலாக மாற்றுங்கள். வித்தியாசம் பூஜ்யமாக வேண்டும். ஆகாவிட்டால், ஈவுத்தொகையை (பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்த லாபத்தை), தக்கவைத்த லாபத்தில் (நிறுவனத்திலேயே சேர்ந்து நிற்கும் லாபத்தில்) கழித்தீர்களா என்று பாருங்கள்.

ஒன்று: பாதியாக்கிப் பார்ப்பது முதலில் பிசகிய ஆண்டுக்குத்தான் சரிவரும். ரொக்கம் அடுத்த ஆண்டுக்கு நகர்வதால் பிழையும் சேர்ந்துகொண்டே போகும்.

அப்புறம், 'இதர கடன்' என்று ஒரு வரி போட்டு வித்தியாசத்தை மூடிவிடாதீர்கள். என் பயிற்சியில் நான் அதைச் செய்தேன். விடிய விடிய முழு மாடலையும் பிரிக்க வேண்டியதாயிற்று. நீங்கள் பதிவிட்ட கேள்வியிலிருந்து ஆலையின் பெயரையும் உடனே எடுத்துவிடுங்கள். நிறுவனத்தையே விற்கும் பேச்சு நடக்கிறதென்றால் அந்தப் பெயர் வெளியே வரவே கூடாது.