அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆளுநர் நியமித்த சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரிய உறுப்பினர்களை மாநில செனட் ஓட்டெடுத்து அங்கீகரிக்கவே இல்லையாமே, அந்த நியமனம் செல்லுமா?

செல்லும்.

நீங்கள் டெட்ராய்ட் பக்கம் இருப்பவர் என்று நினைக்கிறேன். ஆளுநர் அலுவலகச் செய்திக்குறிப்பில் "செனட்டின் ஆலோசனைக்கும் இசைவுக்கும் உட்பட்டது" என்ற வரியைப் பார்த்திருப்பீர்கள். அதன்பின் மாதக்கணக்கில் ஓட்டெடுப்பே நடக்காததால் சந்தேகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது.

மிச்சிகனின் 1963 அரசியலமைப்பில் அந்த வரிக்கே தனி அர்த்தம். 60 அமர்வு நாட்களுக்குள் செனட் பெரும்பான்மையோடு "வேண்டாம்" என்று சொன்னால்தான் ஆள் அவுட். சொல்லாவிட்டால் உறுதியான மாதிரி. செனட்டில் 38 பேர். 20 பேர் எதிர்த்துக் கை தூக்க வேண்டும். பெண் பார்க்கப் போன வீட்டில் சொல்வார்களே, மௌனம் சம்மதம் என்று, அதேதான். அமர்வு நாள் என்றால் சபை கூடும் நாள். வாரத்துக்கு மூன்று நாள் கூடினாலே பெரிய விஷயம், 60 நாள் எங்கே போய் முடியும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அதுவரை அவர் பதவியில் இருந்து முடிவெடுக்கவும் செய்வார்.

நியூ ஜெர்சியில் கதை வேறு. அங்கே காசினோ ஆணையத்துக்கு செனட் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும். சொந்த மாவட்ட செனட்டர் முகம் சுளித்தாலே பெயர் கிடப்பில் போய்விடும்.

இது ஏன் என்னைக் குத்துகிறது என்று சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன், டெட்ராய்ட்டின் மூன்று காசினோக்களில் ஒன்றுக்கு ஸ்லாட் மெஷின் கணக்கு மென்பொருள் பார்க்கும் வேலை வந்தது. (சூதாட்டத்துக்கா வேலை பார்த்தாய் என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: நான் ஒரு லாட்டரிச் சீட்டுகூட வாங்கியதில்லை. வீட்டுக்கடன் இருந்தது.) உள்ளே கால் வைக்க உரிமம் வேண்டும். கைரேகை, பழைய வேலைகள், பழைய முகவரிகள், கடன்கள். இதற்கு முன் வேறு பெயர் வைத்திருந்தீர்களா என்று ஒரு கேள்வி. நான் என்ன எழுத? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, டிகிரி சர்டிபிகேட்டில் வெறும் இனிஷியல், பான் கார்டில் இன்னொரு மாதிரி. இனிஷியலுக்கு விளக்கம் எழுதியே ஒரு பக்கம் நிரம்பியது. ஒரு கீபோர்டு தட்டுகிறவனுக்கு எழுத்தில் "சரி" வரும்வரை வாசலில் நிற்க வேண்டும்; அந்த உரிமத்தையெல்லாம் தருகிற வாரியத்தின் ஐந்து பேருக்கு யாரும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்!

உடனே சண்டைக்கு வராதீர்கள். சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பணம் புரளும் இடம், கேட்கத்தான் வேண்டும். வாரியத்தாருக்கும் கட்டுப்பாடு உண்டு: ஒரே கட்சியில் மூன்று பேருக்கு மேல் கூடாது, சூதாட்டத் தொழிலில் பங்கு இருக்கக் கூடாது. செனட் எப்போதுமே தூங்குகிறது என்றும் சொல்ல முடியாது. 2021 ஜனவரியில் ஆளுநர் விட்மர் பல்வேறு பதவிகளுக்கு நியமித்த 13 பேரை ஒரே மூச்சில் நிராகரித்தார்கள். அந்த 13 பேர் மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. ஆளுநரின் கொரோனா கட்டுப்பாடுகள் மேல், அப்போது செனட்டில் பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சிக்கு இருந்த கோபம் அவர்கள் தலையில் விடிந்தது. ஆக, வாய் திறந்தாலும் ஆளைப் பார்த்துத்தான் திறக்கிறார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு உண்மையான கோபம் வாரியத்தின் மேலும் இல்லை, செனட்டின் மேலும் இல்லை. என்னை அனுப்பிய கன்சல்டன்சிக்காரர் மேல். உரிமத்துக்காகக் காத்திருந்த ஏழு வாரமும் "நீங்கள் பெஞ்சில் இருக்கிறீர்கள்", அதாவது கையில் வேலை இல்லாமல் இருக்கிறீர்கள் என்று சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார். எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு பெஞ்சிலும் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். நம் ஊர்க்காரர்தான், பொங்கல் விழாவுக்கு ஸ்பான்சர் வேறு. விசா அவர் கையில் இருந்ததால் நானும் மௌனமாக இருந்தேன். அதையும் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார்.

கடைசியில் கார்டு வந்தது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருந்ததால், காசினோ வாசலில் செக்யூரிட்டி இரண்டு வருஷமும் மிஸ்டர் போட்டு அவர் பெயரைச் சொல்லித்தான் என்னை உள்ளே விட்டார். சீட்டுக்கட்டையே வீட்டுக்குள் விடாத மனுஷர் அவர்.