85 பேருக்கு ஒரே கட்டளையில் குறுஞ்செய்தி: தங்கச்சிமடம் வாசகருக்குப் பதில்

கேள்வி: சார், எங்கள் நாட்டுப்படகு மீனவர் சங்கத்துக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். உறுப்பினர்கள் 85 பேர். பாதிப் பேரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் போடுவது அவர்களுக்குப் போய்ச் சேருவதில்லை. கூட்டம், மானியம், காற்று எச்சரிக்கை என்று எதுவானாலும் சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொருவருக்காகப் போனில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஆபீஸில் உபுண்டு (விண்டோஸுக்குப் பதில் போடும் லினக்ஸ் வகை) போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால் எல்லாருக்கும் எஸ்எம்எஸ் போகிற மாதிரி செய்ய முடியுமா? சிம் போட்டுக் கம்ப்யூட்டரில் செருகும் பழைய இணைய டாங்கிள் ஒன்றும் கிடக்கிறது. அது உதவுமா?

பதில்: முடியும். யார் வீட்டிலாவது திரை கீறி, டிராயரில் தூங்கும் ஆண்ட்ராய்டு போன் ஒன்றும் ஒரு சிம்மும் போதும். டாங்கிளை நம்ப வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உலகத்தின் முதல் எஸ்எம்எஸ்ஸே கம்ப்யூட்டரில் தட்டி அனுப்பியதுதான். 1992 டிசம்பர் 3-ஆம் தேதி இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ என்று அனுப்பினார். வாங்கியவரின் போனில் பதில் தட்டக்கூட வசதி இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் தன்னந்தனியாக எஸ்எம்எஸ் அனுப்பிவிடாது. செல்போன் கம்பெனியின் வலைக்குள் நுழைய ஒரு சிம் வேண்டும், அல்லது நுழைய அனுமதி பெற்ற ஒருவரைப் பிடிக்க வேண்டும். இணையத்தில் தேடினால், போன் எண்ணையே மின்னஞ்சல் முகவரி மாதிரி எழுதி மெயில் அனுப்பினால் எஸ்எம்எஸ்ஸாகப் போகும் என்று ஒரு வழி வந்து நிற்கும். அது அமெரிக்காக்காரர்களின் ஏற்பாடு. அங்கேயே ஏடி&டி கம்பெனி 2025 ஜூனில் அதை மூடிவிட்டது. நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

போனில் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போடுங்கள். ஆண்ட்ராய்டுக்குள்ளேயே லினக்ஸின் கறுப்புத் திரையைக் கொண்டுவந்து வைப்பது அதுதான். கூடவே டெர்மக்ஸ் ஏபிஐ என்ற துணைச் செயலியும் வேண்டும். இரண்டையும் எஃப்-டிராய்டு என்ற இலவசச் செயலித் தளத்திலிருந்தே எடுங்கள். ஒன்றை பிளே ஸ்டோரிலிருந்தும் மற்றதை வேறிடத்திலிருந்தும் எடுத்தால் செயலிக்குள் இருக்கும் டிஜிட்டல் கையொப்பம் ஒத்துப்போகாமல் இரண்டும் பேசிக்கொள்ளாது. பலர் ஒரு நாளைத் தொலைப்பது இந்த இடத்தில்தான். பிறகு போனின் அமைப்புகளுக்குப் போய், டெர்மக்ஸ் ஏபிஐக்கு எஸ்எம்எஸ் அனுமதி கொடுங்கள். புதிய ஆண்ட்ராய்டில் அந்த அனுமதிப் பொத்தான் மங்கிக் கிடந்தால், அதே செயலியின் விவரப் பக்கத்தில் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, கட்டுப்படுத்தப்பட்ட அமைப்புகளை அனுமதிக்க வேண்டும். பேட்டரி சிக்கனத்திலிருந்தும் இரண்டு செயலிகளையும் விலக்கி வையுங்கள். இல்லாவிட்டால் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் போன் அவற்றைத் தூங்கப் போட்டுவிடும்.

இனி கட்டளைகள். ஒலிப்பைத் தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. டெர்மக்ஸில் ‘பிகேஜி இன்ஸ்டால்’ என்று தொடங்கி ‘டெர்மக்ஸ்-ஏபிஐ’, ‘ஓப்பன்எஸ்எஸ்எச்’ இரண்டையும் நிறுவுங்கள். எஸ்எஸ்எச் என்பது ஒரு கருவியில் உட்கார்ந்து இன்னொரு கருவிக்குள் வலை வழியாக நுழைந்து கட்டளை ஏவும் வழி. ‘பாஸ்வேர்ட்’ கட்டளையால் (‘பாஸ்’ தட்டி, ‘வேர்ட்’டுக்கு முதலெழுத்தையும் கடைசியெழுத்தையும் மட்டும் தட்டினால் போதும்) ஒரு கடவுச்சொல் வைத்துவிட்டு ‘எஸ்எஸ்எச்டி’ என்று தட்டினால், போன் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். கதவு எண் (போர்ட்) 8022, வழக்கமான 22 அல்ல. ஆபீஸில் வைஃபை இல்லாவிட்டாலும் கவலையில்லை. யூஎஸ்பி வயரில் போனைச் செருகி டெதரிங் (போனின் இணையத்தைக் கம்ப்யூட்டரோடு பகிரும் வசதி) போட்டால் கம்ப்யூட்டரும் போனும் ஒரே வலையில் வந்துவிடும்.

செய்தி அனுப்பும் கட்டளை ‘டெர்மக்ஸ்-எஸ்எம்எஸ்-சென்ட்’ (கடைசிச் சொல், ‘அனுப்பு’ என்பதற்கான ஆங்கிலச் சொல்). அதன் பின் ‘மைனஸ் என்’ போட்டு எண், அதன் பின் செய்தி. முதலில் போனிலேயே தட்டி உங்கள் சொந்த எண்ணுக்கு ஒன்று அனுப்பிப் பாருங்கள். அது வந்த பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எஸ்எஸ்எச் வழியாக அதே கட்டளையை ஏவுங்கள். 85 தடவை கடவுச்சொல் கேட்காமலிருக்க ‘எஸ்எஸ்எச்-கீஜென்’ கொண்டு சாவி செய்து, ‘எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி’ கொண்டு போனில் ஒரு தடவை பதிந்துவிடுங்கள்.

எண்களை வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் வைத்து, ‘வைல் ரீட்’ சுழற்சியில் (கோப்பு முடியும்வரை வரி வரியாகப் படித்து, அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) ஒவ்வொன்றாக எடுத்து அனுப்புவதுதான் எல்லாரும் செய்வது. அங்கே ஒரு குழி இருக்கிறது. நானும் விழுந்தேன். முதல் ஆளுக்குச் செய்தி போகும்; சுழற்சி சத்தமில்லாமல் முடிந்துவிடும். பிழை என்று எதுவும் திரையில் வராது. நான் வைத்திருந்த பட்டியலில் முதல் பெயர் என்னுடையதாக இருந்ததால், எனக்கு வந்தது எல்லாருக்கும் வந்திருக்கும் என்று நான் நிம்மதியாகத் தூங்கப் போனேன். நடந்தது என்னவென்றால், எஸ்எஸ்எச் தனக்குக் கிடைக்கும் உள்ளீட்டையெல்லாம் வாரி விழுங்கும் குணமுள்ளது. சுழற்சிக்காக வைத்திருந்த மீதி எண்களையும் முதல் சுற்றிலேயே தின்றுவிட்டது. இதற்கு நல்ல மருந்து, செய்தியைக் கட்டளையின் பின்னால் எழுதாமல், ‘பிரின்ட்எஃப்’ (எழுத்தை வெளியே தரும் கட்டளை) கொண்டு குழாய்க்குறி (ஒரு கட்டளை தருவதை அடுத்த கட்டளைக்குள் விடும் | என்ற நெடுங்கோடு) வழியாக எஸ்எஸ்எச்சுக்குள் ஊற்றுவது. எண்ணை மட்டும் கொடுத்துச் செய்தியைக் கொடுக்காமல் விட்டால், டெர்மக்ஸ்-எஸ்எம்எஸ்-சென்ட் உள்ளீட்டிலிருந்து செய்தியை எடுத்துக்கொள்ளும். மேற்கோள் குறிகள் இடையில் சிக்கிக் குழம்பும் தொல்லையும் இதிலேயே போய்விடும்.

பட்டியலை விண்டோஸ் கம்ப்யூட்டரில் தட்டி எடுத்து வந்திருந்தால், ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எண் தவறு என்று போன் முரண்டு பிடிக்கும். ‘டாஸ்2யூனிக்ஸ்’ என்ற கட்டளை அதைத் துடைத்துவிடும். ஒவ்வொரு செய்திக்கும் நடுவில் ‘ஸ்லீப் 10’ போடுங்கள். ஒரு செயலி படபடவென்று 30 செய்திக்கு மேல் தள்ளினால் ஆண்ட்ராய்டு நிறுத்தி, அனுப்பட்டுமா என்று திரையில் கேட்கும். ஆபீஸ் மேசையில் தனியாகக் கிடக்கும் போனில் அதற்கு யார் பதில் சொல்வது? பத்து பத்து வினாடியாகப் போனால் 85 பேருக்குக் கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

இனி நீங்கள் கேட்காதது. உங்களுக்கு அதிகம் உதவப்போவது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்தில் இது 160 எழுத்து. தமிழில் 70தான். அந்த 70-உம் நாம் கண்ணால் எண்ணும் எழுத்து அல்ல. புள்ளி, கொம்பு, கால், சுழி எல்லாம் தனித்தனிக் கணக்கு. ‘மீனவர்’ நமக்கு நாலு எழுத்து, போனுக்கு ஆறு. 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளை ஒட்டவைக்கும் குறிப்புக்கும் இடம் போய்விடுவதால் துண்டுக்கு 67தான் மிஞ்சும். ரீசார்ஜ் திட்டங்களில் பெரும்பாலும் ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ் என்றிருக்கும்; அந்தக் கணக்கில் ஒவ்வொரு துண்டும் ஒன்று. 85 பேருக்கு இரண்டு துண்டு என்றால் 170. பட்டியலில் ஐம்பதாவது ஆளோடு படகு தரை தட்டும்.

‘அன்பான சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம்’ என்று தொடங்கினால் அதற்கே 37 போய்விட்டது. மரியாதையை நேரில் காட்டிக்கொள்ளலாம். ‘12/11 காற்று பலம். கடலுக்குப் போக வேண்டாம். -சங்கம்’ என்பது 51. தாராளமாக ஒரே துண்டில் போகும். அனுப்புவதற்கு முன் ‘டபிள்யூசி’ கட்டளையில் ‘மைனஸ் எம்’ சேர்த்து எண்ணிப் பார்த்துவிடுங்கள். ‘எக்கோ’ கொண்டு ஊற்றினால் வரி முடிவையும் சேர்த்து ஒன்று கூடுதலாகக் காட்டும்.

பழைய பட்டன் போன்கள் சில தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டும். அவர்களுக்குத் தனிப் பட்டியல் போட்டு, தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புங்கள். 160 கிடைக்கும். ஆனால் அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ ரூபாய்க் குறியோ நுழைந்தால் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு இறங்கிவிடும். வேர்டில் தட்டி ஒட்டினால் வரும் வளைந்த மேற்கோள் குறியும் அப்படித்தான்.

மேலே உள்ள செய்தியில் ‘நாளை’ என்று எழுதாமல் தேதி போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2ஜி டவர் ஒன்றின் எட்டம் கணக்குப்படியே சுமார் 35 கிலோமீட்டர்தான். தண்ணீர் மட்டத்தில், வல்லத்தின் அடியில், பாலித்தீன் பையில் சுற்றி வைத்த போனுக்கு அதுவும் வராது. அந்த நேரத்தில் நீங்கள் அனுப்பும் செய்தி தொலைந்துபோவதில்லை. கம்பெனியின் செய்தி மையத்தில் காத்துக் கிடந்து, படகு கரைப் பக்கம் வந்து சிக்னல் ஒட்டியதும் வந்து விழும். எஸ்எம்எஸ்ஸின் பெரிய குணம் அது. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. செவ்வாய் மாலை அனுப்பிய ‘நாளை கூட்டம்’ புதன் மாலை வந்து விழுந்தால், வியாழக்கிழமை காலையில் ஒருவர் வேட்டி மாற்றிக்கொண்டு பூட்டிய ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார். நின்றவர் என்னை என்ன சொல்லித் திட்டினார் என்பது இங்கே வேண்டாம்.

இதே காரணத்தால், காற்று எச்சரிக்கைக்கு இந்த ஏற்பாட்டை மட்டும் நம்பாதீர்கள். கடலுக்குள் இருப்பவருக்கு இது நேரத்துக்குப் போய்ச் சேரும் என்று எந்த உறுதியும் இல்லை. புறப்படுவதற்கு முன் கரையில் இருப்பவரைத் தடுக்க மட்டுமே உதவும். பாம்பனில் கூண்டு ஏற்றினால் ஏற்றியதுதான், மீன்வளத் துறை சொன்னால் சொன்னதுதான். உங்கள் செய்தி அதை எடுத்துச் சொல்வதாக மட்டும் இருக்கட்டும்.

டாங்கிளுக்கு வருகிறேன். அதற்கும் வழி உண்டு. ‘கம்மு’ என்ற மென்பொருள் டாங்கிளில் உள்ள சிம் வழியாகவே அனுப்பும். தமிழுக்கு ‘மைனஸ் யூனிகோட்’ சேர்க்க வேண்டும். போய்ச் சேர்ந்ததா என்ற அறிக்கையைக்கூடக் கேட்டு வாங்கலாம். டெர்மக்ஸ் கட்டளையில் அந்த வசதி இல்லை. ஆனால் உங்களிடம் கிடப்பது அனேகமாக 3ஜி காலத்து டாங்கிள். ஏர்டெல் 2020-லேயே 3ஜியை மூடிவிட்டது. 2ஜியில் அது முக்கி முனகி ஓடலாம். ஜியோவில் 2ஜி, 3ஜி இரண்டுமே என்றைக்கும் இருந்ததில்லை, அந்த சிம்மைப் போட்டால் சவம் மாதிரி கிடக்கும். விற்ற கம்பெனி தன் சிம்மைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி பூட்டி வைத்திருக்கவும் வாய்ப்புண்டு. போதாததற்கு, சில டாங்கிள்கள் கம்ப்யூட்டரில் செருகியதும் தன்னை ஒரு சிடி என்று காட்டிக்கொள்ளும். அதை மோடமாக மாற்றத் தனி மென்பொருள் வேண்டும். இத்தனை மல்லுக்கட்டுக்கு அது தகுதியில்லை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மொத்தமாக வணிகச் செய்தி அனுப்புகிறவர்கள் ட்ராயின் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2018 விதிகளின்படி டிஎல்டி என்ற மின்னணுப் பதிவேட்டில் நிறுவனத்தையும், அனுப்புநர் பெயரையும், செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிய வேண்டும். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து விளம்பரம் போனால், வாங்கியவர் 1909-க்குப் புகார் சொல்லலாம், எண் முடக்கப்படும். நீங்கள் அனுப்புவது சங்கத்துக்குள் நடக்கும் தகவல். இருந்தாலும் 85 பேரிடமும் ஒரு தாளில் சம்மதக் கையெழுத்து வாங்கி வையுங்கள். வலைக்கடைக்காரரோ ஐஸ் கம்பெனியோ, ‘நம்ம விளம்பரத்தையும் ஒரு வரி சேர்த்துக்கோ தம்பி’ என்று கேட்டால் சேர்க்காதீர்கள். உறுப்பினர்கள் பல நூறாகப் பெருகினால், டிஎல்டியில் பதிந்து ஒரு எஸ்எம்எஸ் நிறுவனம் வழியாகப் போவதே முறை.

யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று தெரிய வேண்டுமானால், செய்தி பார்த்தவர் அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கட்டும் என்று கூட்டத்தில் சொல்லி வையுங்கள். அழைப்புப் பதிவுக்கான அனுமதியையும் கொடுத்திருந்தால் ‘டெர்மக்ஸ்-கால்-லாக்’ கட்டளை வந்த அழைப்புகளைப் பட்டியலாகத் தரும். உறுப்பினர் பட்டியலோடு ஒப்பிட்டு, கொடுக்காதவர்களுக்கு மட்டும் நீங்கள் கூப்பிட்டுச் சொல்லலாம். 85 அழைப்புக்குப் பதில் பத்துப் பதினைந்தில் முடியும்.

போனை ஜன்னலோரம் வைக்காதீர்கள். நம் கரை உப்புக்காற்றில் சார்ஜர் முனை ஆறே மாதத்தில் பச்சை பூத்துவிடும்.