சகேயுவின் கணக்கு

கேள்வி: ஆண்டுக் கடைசி உபவாசக் கூட்டத்தில் எங்கள் சபையார் பலர் எழுந்து நின்று, "யாருக்காவது தீங்கு செய்திருந்தால் மன்னியுங்கள்" என்று கண்ணீரோடு கேட்கிறார்கள். அது போதாது என்கிறார் ஒரு மூப்பர். லூக்கா 19-இல் இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயுவே, "அநியாயமாய் வாங்கினதுண்டானால்" என்றுதானே சொன்னான்?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: மூப்பர் சொல்வதுதான் சரி. அந்த 'ஆல்' விகுதியோடு எனக்கு நெடுநாள் சண்டை. செய்திருந்தால், புண்பட்டிருந்தால், உண்டானால்... செய்தேனா இல்லையா என்பதைக் கேட்பவர் தலையில் கட்டிவிட்டு, மன்னிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு போக அது வழிவிடுகிறது.

சகேயுவை அதற்குச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். "உண்டானால்" என்ற கையோடு அவன் "நாலத்தனையாக", அதாவது நாலு மடங்காகத் திருப்பித் தருவேன் என்கிறான். தொகை வந்துவிட்டது. திருடிய ஆட்டை அடித்தோ விற்றோ விட்டவன் நாலு ஆடு கொடுக்க வேண்டும், மாட்டுக்கு ஐந்து என்கிறது யாத்திராகமம் 22. தானாக அறிக்கையிடுகிறவனுக்கு எண்ணாகமம் 5 வைத்த அளவு, முதலும் அதில் ஐந்தில் ஒரு பங்கும். 1,000 ரூபாய்க்கு 1,200. சகேயுவை யாரும் பிடித்து வரவில்லை. 1,200 கொடுத்திருந்தாலே மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணம் தீர்ந்திருக்கும். அவன் 4,000 என்றான், அதுவும் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கு ஒதுக்கிவிட்டு. ஆஸ்தி 1,00,000 என்று வையுங்கள். மிச்சம் 50,000. ஏமாற்றி வாங்கியது 12,500-ஐத் தாண்டினால் வீட்டில் ஒன்றும் மிஞ்சாது. ஆயக்காரர் தலைவனுக்கு இந்தக் கணக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

ஆகவே ஒரு தாளில் பெயர், தொகை, வருஷம் மூன்றையும் எழுதுங்கள். அந்த ஆளிடம் தனியாகப் போங்கள். "அப்போ எனக்கு ரொம்பக் கஷ்டம்" என்று தொடங்கினால் அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும். "உங்களிடம் இவ்வளவு எடுத்தேன், இதோ" என்று தொடங்குங்கள். பணம் கையில் இருக்கட்டும். மன்னிப்பது அவர் பாடு. பழி சொல்லியிருந்தால், அதைக் கேட்டவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் "நான் சொன்னது பொய்" என்று சொல்ல வேண்டும். பழைய தகாத உறவு போன்றவற்றில் மட்டும், ஒன்றும் அறியாத இன்னொருவர் குடும்பத்தில் போய் இறக்கிவைப்பதற்கு முன் போதகரிடம் பேசுங்கள். உரியவர் இறந்திருந்தால் வாரிசுக்கு. வாரிசும் இல்லாவிட்டால்தான் ஆலயத்துக்கு. நம்மில் பலர் அந்தக் கடைசிப் படியிலிருந்து தொடங்கி, உரியவர் அடுத்த தெருவில் இருக்கும்போதே காணிக்கைக் கவரை எடுக்கிறோம்.

மார்த்தாண்டம் என்று போட்டிருக்கிறீர்கள். அதனால் இதையும் சொல்ல வேண்டும். 1956 வரை உங்கள் ஊர் திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே 1916-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, மகனுக்குக் கிடைப்பதில் கால்பங்கோ 5,000 ரூபாயோ, எது குறைவோ அதுதான் மகளுக்கு. 1986-இல், அப்பா சொத்தில் சமபங்கு கேட்ட கேரளக் கிறிஸ்தவப் பெண் மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம், 1951 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்றது. உயில் இல்லாமல் அப்பா இறந்தால் மூன்றில் ஒன்று அம்மாவுக்கு, மீதி ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம். அதற்குப் பிறகும் "நகை போட்டுத்தானே அனுப்பினோம்" என்று அக்காவிடம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியவர்கள் உண்டு. அவர்களும் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று "யாருக்காவது" என்றால் என் நெஞ்சு பொறுக்கவில்லை. அந்த 'யாருக்காவது' மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

வில்லங்கச் சான்று எடுத்து, அக்காவின் பங்கு எத்தனை சென்ட் என்று பாருங்கள். பணமாகக் கொடுப்பதென்றால் இன்றைய விலை. அப்பா இறந்த வருஷத்து விலை ஆகாது. நிலமாக என்றால் சர்வேயரை வைத்து அளந்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் செட்டில்மெண்ட் பதிந்து, உட்பிரிவு செய்து அவர் பேரில் தனிப் பட்டா வாங்கிக் கொடுங்கள். பத்திரத்தோடு நின்றுவிட்டால் பட்டா தம்பி பேரிலேயே கிடக்கும். சண்டை அடுத்த தலைமுறைக்குப் போகும். ரோட்டோரத்தைத் தான் வைத்துக்கொண்டு பின்னால் கிடக்கும் துண்டை எழுதுகிறவர்களும் உண்டு. அப்படித்தான் பிரிக்க முடியும் என்றால், வண்டி போகிற அகலத்துக்கு நடைபாதை உரிமையும் அதே பத்திரத்தில் ஏற வேண்டும்.