19 சீட் வாங்கிய கட்சி வெளியே, 13 சீட் வாங்கிய கட்சி உள்ளே: ஸ்காட்லாந்தில் இது எப்படி நடக்கிறது?

கேள்வி: 2022 ஸ்காட்லாந்து கவுன்சில் (உள்ளாட்சி) தேர்தலில் எஸ்.என்.பி. (ஸ்காட்லாந்து தேசியக் கட்சி) ஜெயித்தது என்கிறார்கள். ஆனால் எடின்பரோவில் லேபர் ஆட்சி அமைத்தது என்கிறார்கள். அந்த ஊர் விகிதாச்சார முறை எப்படி வேலை செய்கிறது, அது நியாயமானதா? கிளாஸ்கோவுக்குப் படிக்க வருகிறேன், எனக்கு ஓட்டு உண்டா?

பதில்:

ஓட்டு உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். எடின்பரோவில் குடியிருக்கிறவன் என்பதால் முதல் இரண்டு கேள்விகளும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஏற்கெனவே அடிபட்டவைதான்.

நீங்கள் கேள்விப்பட்ட இரண்டும் உண்மை. 2022 மே 5-ல் ஸ்காட்லாந்தின் 32 கவுன்சில்களுக்கும் சேர்த்து 1,226 கவுன்சிலர்கள் தேர்வானார்கள். எஸ்.என்.பி. 453, லேபர் 282, கன்சர்வேட்டிவ் 214, லிபரல் டெமாக்ராட் 87, பசுமைக் கட்சி 35, மீதி பெரும்பாலும் சுயேச்சைகள். தலைப்புச் செய்தியில் எஸ்.என்.பி.க்கு வெற்றி, லேபர் இரண்டாம் இடத்துக்கு ஏறியது, கன்சர்வேட்டிவ் சரிந்தது. அந்தச் சரிவுக்கு அப்போதைய பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் வீட்டு லாக்டவுன் பார்ட்டிகள்தான் காரணம் என்று அவர்கள் கட்சிக்காரர்களே புலம்பினார்கள். ஆனால் ஒரே கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்த கவுன்சில்கள் மொத்தம் எத்தனை தெரியுமா? இரண்டே இரண்டு. டன்டீயில் எஸ்.என்.பி., மேற்கு டன்பார்ட்டன்ஷையரில் லேபர். ஆர்க்னி, ஷெட்லாண்ட், மேற்குத் தீவுகள் மூன்றும் வழக்கம்போல் சுயேச்சைகள் கையில். மிச்சம் 27 கவுன்சில்களில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை, அதாவது ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் அங்கே நிஜமான ஆட்டமே ஆரம்பிக்கிறது.

எடின்பரோவையே பாருங்கள். மொத்தம் 63 சீட். எஸ்.என்.பி. 19, லேபர் 13, லிபரல் டெமாக்ராட் 12, பசுமை 10, கன்சர்வேட்டிவ் 9. எஸ்.என்.பி.யும் பசுமைக் கட்சியும் கைகோத்து 29-க்கு வந்துவிட்டார்கள், இன்னும் மூன்று பேர் இருந்தால் 32, பெரும்பான்மை. அந்த மூன்று பேர் கடைசிவரை கிடைக்கவில்லை. ஸ்காட்லாந்து லேபர் தலைவர் அனஸ் சர்வார் தேர்தலுக்கு முன்பே யாரோடும் முறையான கூட்டணி கிடையாது என்று சொல்லிவிட்டார். அதனால் 13 பேரை வைத்துக்கொண்டு லேபர் தனியாக சிறுபான்மை நிர்வாகம் அமைக்கக் கேட்டது, லிபரல் டெமாக்ராட்டும் கன்சர்வேட்டிவும் ஆதரவாகக் கை தூக்கின. 13, 12, 9 சேர்த்தால் 34. இது பிடிக்காத இரண்டு லேபர் கவுன்சிலர்கள் ஓட்டுப் போடாமல் ஒதுங்கினார்கள், கட்சி அவர்களை சஸ்பெண்ட் செய்தது, அப்படியும் கணக்கு தாண்டிவிட்டது. "கூட்டணி இல்லை" என்ற வாக்குறுதி எழுத்தில் காப்பாற்றப்பட்டது என்று சொல்லலாம். நம்ம ஊர் அரசியல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்காது.

இதற்கு முந்தைய பத்து வருடம் இதே லேபரும் எஸ்.என்.பி.யும்தான் சேர்ந்து ஊரை நடத்தினார்கள் என்பது கூடுதல் வேடிக்கை. 2012-ல் லேபர் 20, எஸ்.என்.பி. 18, கூட்டணி. 2017-ல் எஸ்.என்.பி. 19, லேபர் 12, மறுபடியும் கூட்டணி, ஆனால் பெரும்பான்மைக்கு ஓர் இடம் குறைவு. அப்புறம் 2022-ல் பிரிந்தார்கள்.

சரி, முறைக்கு வருகிறேன். இது இஸ்ரேல் மாதிரி கட்சிப் பட்டியலுக்கு ஓட்டுப் போடும் விகிதாச்சாரம் அல்ல. நம்ம எம்.எல்.ஏ.க்கள் ராஜ்யசபா எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறார்களே, அதே முறை: ஒற்றை மாற்று வாக்கு. 234 எம்.எல்.ஏ., 6 இடம், அதனால் ஓர் எம்.பி.க்கு 34 ஓட்டு வேண்டும் என்று தேர்தல் வந்தால் டிவியில் கணக்குப் போடுவார்கள் அல்லவா? 234-ஐ ஏழால் (6 இடம், கூட ஒன்று) வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு ஒன்று கூட்டினால் 34. ஸ்காட்லாந்தில் அந்த வேலையை எம்.எல்.ஏ.க்களுக்குப் பதில் வார்டில் இருக்கும் பொதுமக்கள் செய்கிறார்கள்.

ஒரு வார்டுக்குப் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு கவுன்சிலர்கள். ஓட்டுச் சீட்டில் பத்துப் பேர் வரிசையாக இருப்பார்கள், சிலுவைக் குறி போடக் கூடாது, பிடித்தவருக்கு 1, அடுத்து 2, 3 என்று எவ்வளவு தூரம் வேண்டுமோ அவ்வளவு தூரம் போகலாம். 1 மட்டும் போட்டுவிட்டு வந்தாலும் செல்லும். வார்டில் செல்லத்தக்க ஓட்டு 10,000, நான்கு சீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தால் வகுத்து ஒன்று கூட்டினால் 2,001, அதுதான் கோட்டா, அதாவது ஜெயிக்கத் தேவையான ஓட்டு. ஒருவர் 3,000 வாங்கினால் அவருக்குத் தேவைக்கு மேல் 999 இருக்கிறது, அது வீணாகாது. அவருடைய 3,000 சீட்டையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மதிப்பு கொடுத்து, அதில் 2 போட்டிருப்பவருக்கு அனுப்புவார்கள். 1,500 பேர் ஒரே ஆளுக்கு 2 போட்டிருந்தால் அவருக்கு ஏறத்தாழ 500 ஓட்டு போய்ச் சேரும். தேவைக்கு மேல் யாரிடமும் இல்லை என்றால் கடைசியில் நிற்பவரை நீக்கிவிட்டு, அவர் ஓட்டுகளை அவரவர் அடுத்து எண் போட்ட ஆளுக்குத் தருவார்கள். இப்படியே நான்கு பேர் தேறும்வரை சுற்று. தசமத்தில் ஐந்து இலக்கம்வரை போகும் கணக்கு, அதனால் சீட்டுகளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர்தான் எண்ணுகிறது.

இரண்டாவது எண் போட்டால் முதல் ஆளுக்கு ஆபத்தா என்று எல்லாரும் கேட்பார்கள். இல்லை. உங்கள் 1-க்கு உரியவர் ஜெயித்த பிறகோ வெளியேறிய பிறகோதான் உங்கள் 2-ஐயே பார்ப்பார்கள்.

முடிவுகளைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இந்த 2, 3-ஐத்தான் பார்க்க வேண்டும், என்னைக் கேட்டால் பத்திரிகைகள் அதற்கு இடமே கொடுப்பதில்லை. 2022-ல் கன்சர்வேட்டிவுக்கு முதல் எண் ஓட்டு 20 சதவீதத்தை ஒட்டி வந்தது, சீட் 17.5 சதவீதம்தான். அவர்களை விரும்புகிறவர்கள் 1 போடுகிறார்கள், விரும்பாதவர்கள் 5-கூடப் போடுவதில்லை. இப்படி மற்றவர்களிடமிருந்து கைமாறி வரும் மாற்று ஓட்டு கிடைக்காத கட்சி நான்காவது சீட்டுக்கான கடைசிச் சுற்றில் மூச்சுத் திணறி நிற்கும். லிபரல் டெமாக்ராட் மாதிரி யாருக்கும் பெரிய கோபம் இல்லாத கட்சிகள் அந்த இடத்தில் மெல்லத் தாண்டிப் போய்விடும். எடின்பரோவின் வடமேற்கில் ஃபோர்த் ரயில் பாலம் தெரியும் குவீன்ஸ்ஃபெரியை உள்ளடக்கிய ஆமண்ட் என்ற வார்டில் 2022-ல் நான்கில் மூன்று சீட்டை அவர்களே வாரிக்கொண்டார்கள். விகிதாச்சாரம் என்றால் ஆளுக்கொன்று என்று நினைப்பவர்கள் அந்த வார்டைப் பார்க்க வேண்டும். ஆனால் இதே கட்சி 2012-ல், பிரிட்டன் ஆட்சியில் கன்சர்வேட்டிவோடு கூட்டணியில் இருந்த பாவத்துக்கு, எடின்பரோவின் பென்ட்லண்ட் ஹில்ஸ் வார்டில் பென்குவின் வேஷம் போட்டு நின்ற ஒரு வேட்பாளரைவிடக் குறைந்த முதல் எண் ஓட்டு வாங்கியது. நிஜமாகத்தான், பென்குவின்! எஸ்.என்.பி.யின் முன்னாள் தலைவர் அலெக்ஸ் சால்மண்ட் தனியாகப் பிரிந்துபோய்த் தலைமையேற்ற ஆல்பா கட்சி 2022-ல் 111 பேரை நிறுத்தி ஒருவரையும் ஜெயிக்க வைக்கவில்லை. பெரிய பெயர் இருந்தும் 1 வரவில்லை, 2-ம் வரவில்லை.

கட்சிகளின் தலைவலி வேறு. ஒரு வார்டில் எத்தனை பேரை நிறுத்துவது? குறைத்து நிறுத்தினால் கிடைக்கவேண்டிய சீட் போச்சு, கூட்டி நிறுத்தினால் ஓட்டு சிதறி, மாற்று ஓட்டு திரும்பி வருவதற்குள் இருவருமே வெளியேறும் அபாயம். இதில் அகரவரிசைச் சிக்கல் ஒன்று. சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் அகரவரிசையில் வருவதால், ஒரே கட்சியின் இரண்டு வேட்பாளர்களில் மேலே இருப்பவருக்குத்தான் பெரும்பாலும் 1 விழும், கீழே இருப்பவருக்கு 2. திறமை, உழைப்பு எதற்கும் சம்பந்தமில்லை, தாத்தா பெயர் எந்த எழுத்தில் ஆரம்பித்தது என்பதுதான் விஷயம். அதைச் சரிக்கட்டத்தான் கட்சிகள் வார்டைத் தெருத்தெருவாகப் பிரித்துத் துண்டுப் பிரசுரம் போடுகின்றன. எங்கள் வீட்டுக் கதவு இடுக்கில் விழுந்த ஒன்றில், எங்கள் பக்கத்துக்கு ஒருவர் படத்தின் மேல் பெரிய 1, அடுத்தவர் மேல் 2. பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நண்பர் வீட்டுப் பிரசுரத்தில் அதே இரண்டு பேர், அதே படங்கள், எண் மட்டும் மாறியிருந்தது. அவர் முதலில் அச்சுப் பிழை என்றுதான் நினைத்தார்.

நியாயமா என்று கேட்டீர்கள். வார்டுக்கு ஒரே கவுன்சிலர், அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார் என்ற பழைய முறையில் என்ன நடந்தது என்று பார்த்தால் பதில் சுலபம். 2003 கிளாஸ்கோவில் லேபர் பாதிக்கும் குறைவான ஓட்டு வாங்கி 79-ல் 71 சீட் எடுத்தது. எதிர்க்கட்சி என்று சொல்லிக்கொள்ள எட்டுப் பேர். அதே வருடம் எடின்பரோவில் 27 சதவீதத்தை ஒட்டிய ஓட்டோடு 58-ல் 30 பிடித்துத் தனிப் பெரும்பான்மை. போட்டியே இல்லாமல் கவுன்சிலரான வார்டுகள் அந்தத் தேர்தலில் 61. இதை மாற்றியதும் லேபர் தலைமையிலான ஸ்காட்லாந்து அரசுதான், ஆசைப்பட்டு அல்ல. 2003-ல் கூட்டணிக்கு லிபரல் டெமாக்ராட் தேவைப்பட்டார்கள், அவர்கள் கேட்ட விலை இது. சொந்தக் கட்சிக் கவுன்சிலர்கள் கத்தினார்கள், 2004-ல் சட்டம் நிறைவேறியது, 2007-ல் நடைமுறைக்கு வந்தது. அந்த வருடம் கிளாஸ்கோவில் லேபர் 71-லிருந்து 45-க்கு இறங்கியது, எடின்பரோவில் ஆட்சியே போய் லிபரல் டெமாக்ராட்டும் எஸ்.என்.பி.யும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். போட்டியில்லா வார்டு அந்தத் தேர்தலில் ஒன்றுகூட இல்லை.

2007-ல் லட்சத்துக்கும் மேல் ஓட்டு செல்லாமல் போனதே, அது இந்த முறையால்தானே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அன்றைக்கே ஸ்காட்லாந்து பாராளுமன்றத் தேர்தலும் நடந்தது, செல்லாத ஓட்டில் பெரும்பகுதி அந்தப் பாராளுமன்றச் சீட்டில். பாராளுமன்றத்துக்கே ஆளுக்கு இரண்டு ஓட்டு உண்டு, அந்த இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்த குளறுபடி அது. கவுன்சில் சீட்டில் செல்லாதவை இரண்டு சதவீதத்துக்கும் கீழேதான். அதற்குப் பிறகு இரண்டு தேர்தலையும் வேறு வேறு வருடத்துக்குப் பிரித்துவிட்டார்கள்.

ஆக, சீட் பங்கீட்டில் எனக்குப் புகார் இல்லை. என் புகார் அதற்கடுத்த மூன்று வாரத்தைப் பற்றியது. யார் யாரோடு சேருவார்கள் என்று எந்தக் கட்சியும் ஓட்டுக்கு முன் சொல்வதில்லை, நாம் 1, 2, 3 என்று இவ்வளவு நுணுக்கமாக மனசைச் சொல்லிவிட்டு வந்தபிறகு அவர்கள் மூடிய அறைக்குள் முடிவெடுக்கிறார்கள். 2017-ல் அபர்டீனில் எஸ்.என்.பி. 19 சீட்டோடு முதலிடம், ஆனால் ஒன்பது லேபர் கவுன்சிலர்கள் கன்சர்வேட்டிவோடும் சுயேச்சைகளோடும் சேர்ந்து ஆட்சி அமைத்தார்கள். லேபர் கட்சி அந்த ஒன்பது பேரையும் கூண்டோடு சஸ்பெண்ட் செய்தது, அவர்களோ பதவியில் இருந்தபடியே ஊரை நடத்தினார்கள். 2022-ல் ஃபைஃபில் எஸ்.என்.பி. 75-ல் 34, லேபர் 20, ஆட்சி லேபருக்கு. எஸ்.என்.பி. ஆதரவாளர்கள் இதைத் துரோகம் என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன், 34 என்பது 75-ல் பாதி இல்லை, மீதி 41 பேருக்கும் ஓட்டுப் போட்டவர்கள் மனிதர்கள்தான். ஆனால் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

இடைத்தேர்தலில் இந்த முறை கொஞ்சம் பல் இளிக்கும். ஒரு கவுன்சிலர் இறந்தாலோ ராஜினாமா செய்தாலோ அந்த ஒரு சீட்டுக்கு மொத்த வார்டும் ஓட்டுப் போடவேண்டும். நான்காவதாகத் தேறிய பசுமைக் கட்சிக்காரரின் இடம் காலியானால், அது வார்டின் பெரிய கட்சிக்கே போக வாய்ப்பு அதிகம். விகிதாச்சாரம் அங்கே காணாமல் போய்விடுகிறது. இதற்கு நல்ல மாற்று ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

கடைசிக் கேள்வி. 16 வயது முடிந்து, ஸ்காட்லாந்தில் குடியிருந்து, செல்லுபடியாகும் விசா இருந்தால் எந்த நாட்டுக்காரரும் கவுன்சில் தேர்தலில் ஓட்டுப் போடலாம், மாணவர் விசாவும் சேர்த்துத்தான். வந்து அறை கிடைத்தவுடன் ஆன்லைனில் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்துவிடுங்கள், நீங்களாகப் பதியாமல் பெயர் தானாக வராது. இங்கே கவுன்சில் ஓட்டுக்குப் போட்டோ அடையாள அட்டை கேட்பதில்லை. அடுத்த தேர்தல் 2027 மே மாதம். கிளாஸ்கோவில் போன தடவை எஸ்.என்.பி. 37, லேபர் 36, பசுமை 10, கன்சர்வேட்டிவ் 2 என்று நின்றது, ஒரு சீட் வித்தியாசம். நீங்கள் போடப்போகும் 3-ம் எண்ணுக்குக்கூட அங்கே வேலை இருக்கும்.